அங்கிட்டு கேரளா... இங்கிட்டு நான்!

எனக்கு ஒரு விசித்திரமான சாதனை உண்டு. மூன்று வருஷம், தினம் இரண்டு வேளை, கேரள எல்லையை ஒட்டியே பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட கேரளாவுக்குள் கால் வைத்ததில்லை! கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துவிட்டு, பந்தியில் உட்காராமலே வீடு திரும்பின ஆசாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் ஊரில் சில ரோடுகளுக்கு இந்தக் குணம் உண்டு. பக்கத்து மாநிலத்தை உரசுகிற மாதிரி போகும். உள்ளே மட்டும் போகாது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிறீர்களா? வாணியம்பாடி தாண்டினதும் வலது பக்கம் எட்டிப் பாருங்கள். அந்தக் குன்றுகளுக்குப் பின்னால் ஆந்திரா, குப்பம். ரோடு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பர்கூர், கிருஷ்ணகிரி என்று நழுவிவிடும். திண்டிவனம் டு விழுப்புரம் இன்னும் மோசம். இடது பக்கம் பாண்டிச்சேரி. ரோடோ ரொம்ப ஒழுக்கமாக ஒதுங்கிப் போகும். அந்த இடம் வரும்போது ஜன்னலோர ஆண்கள் சிலர் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். எதற்கென்று எனக்குத் தெரியாது. (தெரியும்... எழுத மாட்டேன்!)

நான் சொல்ல வந்தது எங்கள் ஊர் ரோடு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் கிளம்பி, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போகும். ஒரு பக்கம் தோட்டமும் வயலும். இன்னொரு பக்கம் சுவர் எழுப்பின மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலையின் தலை வகிடுதான் எல்லை. மழைத்தண்ணி அங்கிட்டு விழுந்தால் கேரளா, இங்கிட்டு விழுந்தால் தமிழ்நாடு. (எங்கள் பக்கத்தில் எல்லாமே அங்கிட்டு, இங்கிட்டுதான். 'அந்தப் பக்கம், இந்தப் பக்கம்' என்று யாராவது சொன்னால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவோம்.)

எங்கள் ஊரில் 'மெட்டு' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா போடுவது. இன்னொன்று, மலை உச்சியில் இருப்பது. போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று வண்டி ஏறுகிற மெட்டுகள் உண்டு. சாக்குலூத்து மெட்டு, ராமக்கல் மெட்டு என்று கால் மட்டுமே ஏறுகிற மெட்டுகளும் உண்டு. தேவாரத்திலிருந்து பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரம்தான். ஆனால், ஜீப்பில் அங்கே போக வேண்டுமென்றால் வடக்கே போடி போய்ச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தெற்கே கம்பம் போய்ச் சுற்ற வேண்டும். மூக்கைத் தொட முதுகைச் சுற்றுகிற கதை! தேவாரத்திலிருந்து நேராக சாக்குலூத்து மெட்டுக்கு ஒரு ரோடு போடச் சொல்லி ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதும் கேட்டார்கள், காலேஜ் படிக்கும்போதும் கேட்டார்கள். ஓட்டு கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் மலையைக் கைநீட்டிக் காட்டி, 'போட்டுடலாம்' என்பார்கள். கை நீட்டியதுதான் மிச்சம்.

என் அம்மா அந்த மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று எல்லா ஊரிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகள் கிளம்பும். பத்து பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் இருபது பேர். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க எதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்து அக்காவைப் பிடித்துக்கொள்வார்கள். மேலே போய் காய் எடுப்பு, களையெடுப்பு, கவாத்து. மழைக்குத் தலையில் கொங்காணி, அட்டைக்குக் காலில் சுண்ணாம்பும் புகையிலையும். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி, இருட்டின பிறகு வீட்டுக்கு வருவாள். அம்மா வருவது வாசல் தாண்டும் முன்பே தெரிந்துவிடும், ஏலக்காய் வாசம்! ஊரெல்லாம் பாயசத்தில் ஏலக்காய் போடுவார்கள். எங்கள் வீட்டில் பாயசம் இல்லை, ஏலக்காய் வாசம் மட்டும் உண்டு.

நான் அஞ்சாப்பு படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வரவு செலவு முழுக்க அந்த மலையிலிருந்துதான் இறங்கியது. ஒரு லீவில், "நானும் வர்றேம்மா, காய் எடுத்தா கூலி கிடைக்கும்ல" என்றேன். அம்மா வைத வசவில் பாதியை இங்கே அச்சிட முடியாது. அச்சிடக்கூடிய மீதி இதுதான்:

"மலையை நான் ஏறிக்கிறேன். நீ ரோட்டுல போற வழியப் பாரு!"

அப்படித்தான் ரோட்டில் போனேன். 2008-ல் உத்தமபாளையத்தில் பி.காம். சேர்ந்தேன். தேவாரத்தில் எட்டரை மணி பஸ். அந்த பஸ்ஸில் எனக்கென்று ஒரு ஸீட் உண்டு. வலது பக்கம், ஆண்கள் வரிசை, ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே மலை. ஆனால், நான் மலையைப் பார்த்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடது பக்கம் பெண்கள் வரிசை. பண்ணைப்புரத்தில் ஒரு மஞ்சள் தாவணி ஏறும். ஆகவே, மூன்று வருஷமும் நான் ஜன்னலில் முதுகைச் சாய்த்து, மலைக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தேன். (அந்த மஞ்சள் தாவணிக்கு இரண்டாம் வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகை வைத்தார்கள், மொய் எழுதினேன். விடுங்கள்.)

கால் போகாவிட்டாலும் என் செல்போன் மட்டும் அடிக்கடி கேரளா போய் வந்தது. தேவாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மலைமேல் இருக்கிற டவர், கீழே இருக்கிற போனை இழுத்துக்கொள்ளும். 'கேரளாவுக்கு நல்வரவு' என்று மெஸேஜ் வரும். அப்போதெல்லாம் ரோமிங்கில் வந்த காலுக்கும் காசு. நண்பன் போன் பண்ணி, "எங்கடா இருக்க?" என்பான். "திண்ணையில" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு வெளிமாநில ரேட்!

சரி, இந்த எல்லையை யார்தான் மதித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆடி மாசம் காற்று மெட்டுகளின் வழியாகக் கேட்டுக்கேள்வி இல்லாமல் இறங்கி எங்கள் ஓட்டைப் பிரிக்கும். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீர் 1895-லிருந்து மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக எங்கள் பக்கம் வருகிறது. பென்னிகுக் புண்ணியம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், பொங்கலுக்கு அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அதற்கு 1886-ல் திருவிதாங்கூரோடு போட்ட குத்தகை எத்தனை வருஷம் தெரியுமோ? 999! என் வீட்டு ஓனர் பதினோரு மாசத்துக்கு மேல் அக்ரிமென்ட் போட மாட்டேன் என்கிறார். மலைமேல் விளைகிற ஏலக்காய் கீழே போடிக்கு வந்து ஏலம் போகும். காய் வரலாம், காற்று வரலாம், தண்ணீர் வரலாம். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. அன்றைக்கு மாநில எல்லையாக நின்றதும் இந்த வகிடுதான். அதில் மாட்டிக்கொண்டு முழித்தது மனுஷன் மட்டும்தான்.

அப்படி முழித்த ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும்.

2011 டிசம்பர் முதல் வாரம். நான் பி.காம். முடித்துவிட்டு, 'வேலை தேடுகிறேன்' என்கிற வேலையில் இருந்தேன். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்னை முற்றி, இரண்டு பக்கமும் கொதித்துக்கொண்டிருந்த சமயம். குமுளியில் தகராறு, வண்டிகள் உடைந்தன, மெட்டுகள் அடைபட்டன என்று மத்தியானம் சேதி வந்தது. காலையில் அம்மா ஏறிப் போன ஜீப் சாயங்காலம் இறங்கவில்லை.

ஏழு மணி ஆனது. போன் போட்டேன். அம்மாவிடம் செல் இருந்தது, டவர் இல்லை. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு 'நல்வரவு' சொன்ன அதே டவர், அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மணிக்குத் தெருவில் ஒருவர் வந்து சொன்னார்: "ஜீப்பெல்லாம் மேல நின்னுபோச்சாம். பொம்பளையாளுக காட்டு வழியா நடந்து இறங்குறாகளாம்."

"எந்த வழிண்ணே?"

"அது தெரியலப்பா. ராமக்கல் வழியா எறங்குனா கோம்பைக்கு வருவாக. சாக்குலூத்து வழியா எறங்குனா இங்க தேவாரத்துக்கே வந்திருவாக."

பக்கத்து வீட்டு மாமாவின் டி.வி.எஸ். 50-ஐ வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கோம்பை போய் மலையடிவாரத்துப் பாதையில் நின்றேன். என்னைப் போலவே நாற்பது ஐம்பது பேர். யார் கையிலும் தடி இல்லை, டார்ச் இருந்தது. அரை மணி நின்றதும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை தேவாரம் பக்கம் இறங்கிவிட்டால்? திரும்ப தேவாரம். அங்கே பத்து நிமிஷம். ஒருவேளை கோம்பையில்? திரும்பக் கோம்பை. அந்த ராத்திரியில் எத்தனை தடவை போய் வந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. மூன்று வருஷமாக மலைக்கு முதுகு காட்டியே போன அதே ரோட்டில், அன்றைக்கு மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வண்டி ஓட்டினேன். வளர்பிறை நிலா வெளிச்சத்தில் மலை கறுப்பாக நின்றது. நடுவில் எங்கேயாவது ஒரு பொட்டு வெளிச்சம் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். தெரிந்தது போலிருக்கும். வண்டியை நிறுத்தினால் ஒன்றும் இருக்காது. அந்த ரோடு மலைப்பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பாதா என்று இருந்தது. அது தன்பாட்டுக்கு நேராகவே போனது.

ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கோம்பைப் பக்கம் காட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் கேட்டது பேச்சுகூட இல்லை, தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். வரிசையாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முள் கிழித்த கால்கள். பன்னிரண்டாவதாகவோ பதிமூன்றாவதாகவோ என் அம்மா.

எனக்குத் தொண்டை அடைத்தது. "எம்மா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டி.வி.எஸ். 50-ஐப் பார்த்தாள்.

"இது யாரு வண்டிடா? தேவாரத்துலருந்து இதுலயா வந்த? பெட்ரோல் என்ன ஓசிலயா ஊத்துறாக?"

நான் எத்தனை தடவை போய் வந்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியைத் திறந்தால் உள்ளே அவித்த மரவள்ளிக்கிழங்கு. "ஏதும்மா இது?" என்றேன். தோட்டத்து சூப்பர்வைசர் கொடுத்தாராம். மலையாளத்துக்காரர். 'ரோட்டு வழி போகண்டா' என்று தடுத்து, ராமக்கல் பாதை ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் டார்ச் அடித்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறார். வழியில் பசிக்கும் என்று அவர் வீட்டம்மா கிழங்கு அவித்துக் கொடுத்திருக்கிறார். "அந்த மனுசன் எங்க நின்னாரு தெரியுமா? கரெக்டா அந்த வகிட்டுல. ஒரு எட்டு இங்கிட்டு வைக்கல. நாங்க கீழ வளைவு திரும்புற வரைக்கும் வெளிச்சத்தக் காமிச்சுக்கிட்டே நின்னாரு" என்றாள்.

மலையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்த மாதிரி இருந்தது என்றேனே, அது நிஜமாகவே தெரிந்ததுதான் போல.

அதன் பிறகும் அம்மா மலை ஏறினாள். ஜீப் ஓட ஆரம்பித்த அன்றைக்கே போய்விட்டாள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து மெட்டுகள் மறுபடி அடைபட்டன. இந்தத் தடவை இரண்டு பக்கமும் சண்டை இல்லை, மனுஷனைப் பார்த்தே பயம். போக பாஸ், வர பாஸ். அம்மாவின் முழங்கால் அதற்கு முன்பே பாஸ் கொடுக்க மறுத்துவிட்டிருந்தது. முப்பது வருஷ மலை அத்தோடு முடிந்தது.

'முப்பது வருஷ வேலைக்கு ஏதாவது பென்ஷன், உதவித்தொகை வருமே' என்று, பி.காம். படித்த பிள்ளை நான் கிளம்பினேன். கீழே ஓர் ஆபீஸில், "வேலை பார்த்தது கேரளாவுல. அங்க போய்க் கேளுங்க" என்றார்கள். மேலே ஓர் ஆபீஸுக்கு, தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கேட்டனுப்பினேன். "ரேஷன் கார்டு தமிழ்நாடு. அங்க கேளுங்க" என்று பதில் வந்தது. தினக்கூலி ஜீப்பில் ஏறின பெண்களுக்கு வேலை பார்த்ததற்குச் சீட்டு ஏது? அட்டை கடித்த தழும்புதான் இருந்தது. அதில் எந்த ஆபீஸரும் ஸீல் வைக்க மாட்டார்.

எங்கள் பி.காம். பாடத்தில் ஒரு விஷயம் உண்டு. பற்றும் வரவும் கூட்டிப் பார்த்து டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத் தொகையைத் தூக்கி 'அனாமத்துக் கணக்கு' என்று ஒன்றில் வைத்துவிடலாம். பிறகு தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும் என்பது விதி. எங்கள் மலையடிவாரத்தில் இரண்டு மாநிலமும் சேர்ந்து அனாமத்துக் கணக்கில் வைத்திருக்கிற அம்மாக்கள் நிறைய. பிறகு யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காருக்குச் சொல்லி, அம்மாவை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ராமக்கல்மேட்டுக்குப் போனேன். அதாவது, முப்பது வயசு தாண்டின பிறகு முதல் தடவையாக எல்லையைத் தாண்டினேன்! ராமக்கல்மேடு இப்போது பெரிய டூரிஸ்ட் ஸ்தலம். சுமார் 3500 அடி உயரம். குறவன், குறத்தி சிலை, காற்றாலைகள், ஆளைத் தூக்குகிற காற்று. நுழைகிற இடத்தில் டிக்கெட் கேட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தன வருசம் கூலி வாங்கிட்டு ஏறுன மலைக்கு, இப்ப நாம காசு குடுத்து ஏறணுமாக்கும்?"

டிக்கெட் கொடுத்தவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மேலே போய்ப் பாறையோரம் நின்றோம். என் பாக்கெட்டில் செல் 'ப்ளிங்' என்றது. எடுத்துப் பார்த்தால், 'தமிழ்நாட்டுக்கு நல்வரவு'! வாழ்க்கையில் முதல் தடவையாக கேரளாவில் நிற்கிறேன், அப்போதும் என்னை நம்பவில்லை.

கீழே எங்கள் உலகம் முழுசும் தெரிந்தது. கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், நடுவில் நூல் பிடித்த மாதிரி அந்த ரோடு. அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பஸ். அம்மா கை நீட்டினாள்.

"அந்தா போகுது பாரு. அப்பல்லாம் எட்டர பஸ்ஸு அந்த வளவுக்கு வரும்போது எங்களுக்குக் கஞ்சி குடிக்கிற நேரம். இந்தா, இந்தப் பக்கத்துப் பாறைல ஒக்காந்து குடிப்போம். 'எம்மவன் போறான்'னு இவளுககிட்டச் சொல்லுவேன். நீ மலைப் பக்கம் சன்னல்லதான ஒக்காருவேன்னு சொன்ன? அதான் டெய்லி கைய ஆட்டுவேன். தெரியாதுதேன். இருந்தாலும் ஆட்டுறதுதேன்."

நான் பதில் சொல்லவில்லை. மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததை எப்படிச் சொல்வது? அதைவிட முக்கியமாக, கம்பத்தில் மேட்னி ஷோவுக்காக காலேஜைக் கட் அடித்துவிட்டு அந்த பஸ்ஸிலேயே ஏறாத நாட்கள் இருக்கின்றனவே... அன்றைக்கும் அம்மா கை ஆட்டியிருப்பாளே!

பஸ் கோம்பையைத் தாண்டி உத்தமபாளையம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே யார் பெற்ற பிள்ளையோ. நான் கையைத் தூக்கி ஆட்டினேன்.

"யாருக்குடா ஆட்டுற?" என்றாள் அம்மா.

"பாக்கி இருக்கும்மா" என்றேன்.